பக்கத்து மெஷின்காரி கேட்ட வார்த்தை

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு மூக்கு ஒழுகுவதைத் தவிர வேறு குறையில்லை. நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூவரும் சுகம்தானே? உன் முதுகுவலிக்கு இன்னும் கோர்ட் நாற்காலியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாயா?

கடையில் வேலை வழக்கம்போலத்தான். இந்தப் பிரெஞ்சுக்கார ஊரில் உள்ள கால்சட்டைகளையெல்லாம் நான்தான் குட்டையாக்குகிறேன். அறுந்த ஜிப்பை மாற்றுகிறேன். கடைக்கு மேலேயே அறை இருப்பதால் மழைக்கும் குளிருக்கும் பயமில்லை.

உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். பிரெஞ்சு அகராதி ஒன்று தேடிக் கொடு. புத்தகம் வேண்டாம். முதலாளியம்மாவே தலையணை கனத்தில் ஒன்று கொடுத்தாள், தலைக்கு வைத்துப் படுக்கத்தான் ஆகும். இவர்கள் எழுதுவது பத்து எழுத்து, வாயில் வருவது நாலு. காதில் விழுந்த வார்த்தையை எந்தப் பக்கத்தில் போய்த் தேடுவேன்? கேட்ட சத்தத்தைப் போட்டால் அர்த்தம் சொல்கிற மின் அகராதி இருக்கிறதாம். நீதான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன், விசாரித்துப் பார்.

எனக்கில்லை. என் பக்கத்து மெஷின்காரிக்கு. அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவைச் சொல்ல டாக்டர் கூப்பிட்ட அன்று துணைக்கு நானும் போனேன். டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் அவள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். வெளியே வந்து, “எனக்கு ஒண்ணுமே புரியல” என்கிறாள்!

நல்லவேளை, டாக்டர் பேசியதை நான் சுருக்கெழுத்தில் எடுத்து வைத்தேன். பாஷை தெரியாவிட்டால் என்ன? நீயும் நானும் இன்ஸ்டிடியூட்டில் படித்தது சத்தத்தை எழுதத்தானே? தாளை இதோடு வைத்திருக்கிறேன். என்னவென்று பார்த்துச் சொல்.

கடைக்குப் போன் பண்ணாதே. முதலாளியம்மா முகம் கோணுவாள்.

எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா

*

பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

நீ நாலு பக்கம் எழுதிய கடிதத்தை நான் முதலில் படிக்கவில்லை. வீட்டு நீதிபதி பிரித்துப் படித்துவிட்டுத்தான் தீர்ப்போடு என் கையில் கொடுத்தாள். மூவரும் சுகம். முதுகு நாற்காலியோடு சமாதானமாகிவிட்டது, இப்போது கழுத்து வழக்குப் போட்டிருக்கிறது. உன் சளி எப்படி?

அகராதிப் படலம் கேள். பழைய எலெக்ட்ரானிக் சாமான் கடையில் கையளவு அகராதி ஒன்று கிடைத்தது. ஆறு பாஷை பேசும் என்றான் கடைக்காரன். வீட்டுக்கு வந்து தட்டினால், “எழுத்தைச் சொல்” என்கிறது. எழுத்து தெரிந்தால் உன்னிடம் நான் ஏன் வருகிறேன் மூதேவி? திருப்பிக் கொடுக்கப் போனேன். “கால்குலேட்டரா வச்சுக்குங்க சார்” என்றான்.

உன் தாளைப் பார்த்தேன். மகாராணி, வார்த்தை எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரே கோவையாகக் கோத்திருக்கிறாய். உன்மேல் தப்பில்லை. எனக்குத் தெரியாத பாஷையில் பேசும் சாட்சி கூண்டில் ஏறினால் நானும் இப்படித்தான் எடுப்பேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. இவ்வளவு சுற்றுவானேன்? உன் சினேகிதி அந்த டாக்டரிடமே இன்னொரு தரம் போய்க் கேட்கலாமே?

குட்டி உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். தபாலில் எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை.

தம்பி

*

மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

சளி போய்விட்டது. உன் கழுத்துக்கு ஒத்தடம் கொடு, வழக்குத் தானாகத் தள்ளுபடியாகும்.

டாக்டரிடம் திரும்பக் கேட்க அவளால் முடியாது. முடிந்தால் கேட்டிருக்க மாட்டாளா? நீ அகராதியைத் தேடு, அது போதும்.

ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். குட்டிக்கு உடுப்பு தைத்தேன். இப்போதைய அளவில் ஒன்று, பதினாறு வயதுக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. எட்டாவது படிக்கிறவளுக்குக் கல்யாண உடுப்பா என்று உன் வீட்டுக்காரி சிரிப்பாள். சிரிக்கட்டும். தையலுக்குள் இரண்டு விரல் துணி மடித்து விட்டிருக்கிறேன், சதை போட்டால் பிரித்துக்கொள்ளலாம். கடையில் வெட்டிப்போட்ட நல்ல துணி வீணாகிறதே என்றுதான் தைத்தேன்.

இன்னொன்று. நீ பத்தாவது படிக்கும்போது என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் விற்றாய். இருபத்திரண்டு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி உன்னைக் குத்தியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன். மன்னித்துவிட்டேன். எழுதியே கொடுத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

குட்டிக்கு என் பதில் முத்தம்.

அக்கா

*

மார்ச் 13

அன்புள்ள அக்கா,

பொட்டலம் வந்தது. குட்டி கல்யாண உடுப்பைப் போட்டுக்கொண்டு வீடு பூராவும் தரையைக் கூட்டினாள். நீதிபதி சிரிக்கவில்லை. தையலை உள்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “உங்க அக்கா உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

சைக்கிளுக்கு மன்னிப்பா! நீ அதைச் சொல்லிக் குத்தாத நாளே எனக்குச் செரிக்காது. மன்னிப்பை ஏற்க மறுக்கிறேன். தயவுசெய்து திட்டு.

அகராதி விஷயம். ஆபீஸ் நூலகத்தில் ஒரு சிடி இருந்தது. வார்த்தையைச் சொடுக்கினால் ஒரு பெண் குரல் அழகாக உச்சரிக்கிறது. ஆனால் முதலில் வார்த்தை வேண்டும்! கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அரிச்சுவடியின் முதல் எழுத்திலிருந்து வரிசையாகச் சொடுக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூறு வார்த்தை. இதில் ஒரு சத்தம் உன் தாளோடு பொருந்தியது. அது முக்கியமான வார்த்தை இல்லை, விடு.

நீ எடுத்த தாளை மறுபடியும் பார்த்தேன். நம் எழுத்தில் மெல்லிய கோடு ஒரு சத்தம், தடித்த கோடு இன்னொரு சத்தம். இன்ஸ்டிடியூட்டில் முதல் பரிசு வாங்கியவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தத் தாளில் எல்லாக் கோடும் நடுங்கியிருக்கிறது. அடுத்தவளுக்காக எழுதினால் கை இப்படியா நடுங்கும்?

உடனே பதில் போடு.

தம்பி

*

மார்ச் 25

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது. மூன்று தரம் எழுதிவிட்டேன், நீதிபதியம்மாவிடம் காட்டு.

டாக்டர் அறையில் குளிர். மடியில் வைத்து எழுதினேன். கை நடுங்காமல் என்ன செய்யும்?

நீ ஒரு வார்த்தை கிடைத்தது என்கிறாய், என்ன என்று சொல்லவில்லை. சரி. எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். கடையில் அளவு எடுக்கவும் துணி வாங்க வரும் தேதி சொல்லவும் எண்களும் மாதமும் தெரிய வேண்டும், அதனால் அவை மட்டும் எனக்கு அத்துப்படி. டாக்டர் ‘ஆறு மாதம்’ என்றார். அது சத்தியமாகக் காதில் விழுந்தது. சொல்லிவிட்டு எழுந்து வந்து, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். சிரித்த முகம். வழியனுப்பி வைக்கிற மாதிரி. கதவு வரைக்கும் வந்தார்.

அதனால் ஆறு மாதம் என்பது அவளுக்குத் தெரியும். ஜூலை கடைசி. அவள் தனிக்கட்டை, பிள்ளை குட்டி இல்லை, அழுது புரள ஆளில்லை. அது ஒரு வசதி என்கிறாள். ‘ஆறு மாதம்’ என்பதற்கு முன்னால் டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாரே, அது என்ன நோய் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள். தாளில் அதன் கீழே நான் கோடு போட்டிருக்கிறேன்.

அவசரமில்லை. உன் மதியச் சாப்பாட்டை விடாதே.

அக்கா

*

ஏப்ரல் 5

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று கோர்ட்டுக்கு அரை நாள் லீவு போட்டேன். பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, நாலு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். இருக்கிறது அக்கா! நீ கேட்ட மாதிரியே ஓர் அகராதி. திரையில் சத்தங்களுக்குத் தனித்தனிக் குறிகள் வரிசையாக இருக்கின்றன. கேட்ட சத்தத்தை ஒவ்வொன்றாகச் சொடுக்கினால், அந்தச் சத்தத்தில் உள்ள பிரெஞ்சு வார்த்தைகளெல்லாம் எழுத்தோடும் அர்த்தத்தோடும் வந்து நிற்கின்றன. நம் சுருக்கெழுத்துக்காரன் எவனோதான் இதைச் செய்திருக்க வேண்டும்.

ஆனால் நீ கோடு போட்ட வார்த்தையில் மெய் மட்டும்தான் இருக்கிறது. அவசரத்தில் உயிர்ப் புள்ளிகளை வைக்க மறந்திருக்கிறாய். இரண்டு கோட்டை மட்டும் போட்டுப் பார்த்தேன். குளியல் என்றது, நல்லவள் என்றது, வாழைப்பழம் என்றது. இன்னும் வரிசை போய்க்கொண்டே இருந்தது. டாக்டர் உன் சினேகிதியைக் கூப்பிட்டு ‘வாழைப்பழம்’ என்று சொல்லியிருக்க மாட்டார். உயிர்ச் சத்தத்தை எழுதி அனுப்பு. ஒரு புள்ளிகூட விடாதே.

பக்கத்து மெஷின்காரியிடம் நான் சொன்னதாக ஒன்று சொல். அழுது புரள ஆளில்லை என்று இன்னொரு தரம் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அவனைத் தூக்கிச் சுமந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள். அவன் ஒன்றையும் மறக்கவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 17

தம்பி,

சுகம்.

நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று எழுந்து போனாள்.

அந்த வார்த்தையை முழுதாக, உயிர்ப் புள்ளிகளோடு கீழே போட்டிருக்கிறேன். முதல் சத்தம் தடித்த கோடு, அதில் சந்தேகமே வேண்டாம். தமிழில் எழுதினால் ‘பெனே’ என்று வரும், ஆனால் கடைசியில் வாயை மூடாமல் மூக்கால் முடிக்க வேண்டும். இரண்டரை மாதமாகியும் எப்படி இவ்வளவு சரியாக ஞாபகம் இருக்கிறது என்று நீ கேட்பாய். மெஷினை மிதிக்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒரு கால்சட்டைக்கு நாற்பது தடவை. காலையில் பல் தேய்க்கும்போதும் அதுதான் வருகிறது.

கண்டுபிடித்தால் எதையும் பூசி மெழுகாதே. உள்ளதை உள்ளபடி எழுது.

அக்கா

*

ஏப்ரல் 27

(தொலைநகல். முழுவதும் சுருக்கெழுத்தில்)

அக்கா, உன் கடிதம் இன்று பத்தரைக்கு வந்தது. இப்போது பதினொன்றரை. கடையில் யாரும் படிக்க முடியாதபடி நம் எழுத்தில் அனுப்புகிறேன்.

வார்த்தை கிடைத்தது. அர்த்தம்: ஆபத்தில்லாதது. தீங்கு செய்யாத கட்டி. புற்று இல்லை. இல்லவே இல்லை.

அது கிடைத்ததும் உன் கோவையை வெட்டி வெட்டி மற்றதையும் தேடினேன். டாக்டர் சொன்னது மொத்தமும் இவ்வளவுதான்: “இது தீங்கில்லாதது. ஆபத்தாக ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு தடவை வாருங்கள், பார்த்துவிடலாம்.”

ஆறு மாதம் என்பது கெடு இல்லை, பைத்தியமே. அடுத்த தேதி! சட்டை தைக்கக் கொடுத்தவனுக்கு நீ தேதி சொல்லுகிறாயே, அந்த மாதிரி. கையைப் பிடித்துக் குலுக்கியது வழியனுப்ப இல்லை, சந்தோஷத்தில்.

பக்கத்து மெஷின்காரி என்று ஒருத்தியும் இல்லை என்பது எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய், கடைசிக் கடிதத்தில் நீயே ‘சொல்லிக்கொண்டே இருக்கிறேன்’ என்று உளறிவிட்டாய். உட்கார். தண்ணீர் குடி. அப்புறம் அழு.

*

மே 2

என் தங்கத் தம்பிக்கு,

வயிற்றில் பாலை வார்த்தாய். நீ நூறு வயசு இருப்பாய், உன் கழுத்தும் முதுகும் நூறு வயசு இருக்கும்.

தொலைநகல் வந்தபோது முதலாளியம்மா மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். தாள் முழுக்கக் கோடும் புள்ளியும்! கசக்கிப் போடப் போனவளிடமிருந்து பிடுங்கினேன். நின்றபடியே படித்தேன். பிறகு வாடிக்கையாளர் உடுப்பு மாற்றுகிற தட்டிக்குள் போய்த் திரையை இழுத்து விட்டுக்கொண்டு, யாரோ விட்டுப்போன கோட்டில் முகத்தைப் புதைத்து அழுதேன். வெளியே ஓர் ஆள் கையில் கால்சட்டையோடு கால் மணி நேரம் காத்திருந்தாராம். வெளியே வந்து அவரைப் பார்த்துச் சிரித்தேன் பார், அவர் கால்சட்டையே வேண்டாம் என்று ஓடியிருப்பார்.

முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் கையும் பாஷையுமாகச் சொன்னேன். “இத்தன நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று அவள் பாஷையில் கத்தினாள், அது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. மறுநாளே கடையைச் சாத்திவிட்டு என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பாவம், வெலவெலத்துப் போனார். நான் அவ்வளவு அழகாகத் தலையாட்டினேனாம், எனக்குப் பாஷை தெரியும் என்று நினைத்தாராம். படம் போட்டுக் காட்டினார். சும்மா ஒரு கொழுப்பு முடிச்சு மாதிரி. அது பாட்டுக்கு இருக்கும்.

நீ கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முதலாளியம்மாவையே கேட்டிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயந்தேன். உனக்கு எழுதினால் கடிதம் போய் வர இருபது நாள். அந்த இருபது நாளும் எனக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். போன் வேண்டாம் என்றதும் அதனால்தான், என் குரலைக் கேட்டால் நீ ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாய். உன்னை மூன்று மாதம் அலைய வைத்தேன். என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டேன். பசித்தது, தம்பி.

அக்கா

*

மே 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நீதிபதி சத்தம் போட்டுப் படித்தாள். தட்டிக்குள் நீ அழுத இடத்தில் அவளும் அழுதாள். குட்டி ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தானும் அழுதாள். பிறகு மூன்று பேரும் சிரித்தோம். சுகம் என்றால் இதுதான்.

நீ ஒன்றை மறைத்தாய், நானும் ஒன்றை மறைத்தேன். மார்ச்சில் சிடியில் ஒரு வார்த்தை பொருந்தியது என்றேனே, ‘முக்கியமில்லை’ என்று. அதன் அர்த்தம் ‘ஆபத்தானது’. டாக்டர் ‘ஆபத்தாக ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருக்கிறார். ‘ஒன்றுமில்லை’ என்பது பிரெஞ்சில் அதற்கு முன்னாலேயே வந்து உன் கோவையில் சிக்கிக் கிடந்தது, அதை யாரோ ஒருவர் பேர் என்று நான் தள்ளிவிட்டேன். ஒன்றரை மாதம், அக்கா. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் கோர்ட்டில் கொலை வழக்கும் கொள்ளை வழக்கும் எழுதினேன். உனக்கு நகைச்சுவையாகக் கடிதம் எழுதிவிட்டுக் குளியலறையில் போய் நிற்பேன். நீதிபதிக்குத் தெரியும். அவள்தான், “எழுதிக்கிட்டே இருந்தா ஆச்சா? கிளம்புங்க” என்று என்னைப் பாஸ்போர்ட் ஆபீஸுக்குத் தள்ளினாள்.

பாஸ்போர்ட் நேற்று வந்தது. என் போட்டோ திருடன் மாதிரி இருக்கிறது. இனி எதற்கு இது என்று பெட்டியில் போடப் போனேன். வீட்டு நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. தீர்ப்பு ஆகிவிட்டது, மேல்முறையீடு கிடையாது.

ஜூலை கடைசியில் உனக்கு டாக்டரிடம் தேதி இருக்கிறது. இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னோடு உள்ளே வருவேன். ஓரமாக உட்கார்ந்து, அவர் சொல்வதை உயிரோடும் மெய்யோடும் நான் எடுத்துக்கொள்கிறேன். நீ தலையை மட்டும் ஆட்டாமல் இரு.

தம்பி